டிஸ்னியும் அவருடைய உபயதாரர்களும்

பிறர் பணத்தைக் கொண்டு ஒரு காரியத்தைத் தொடங்குவது எளிது. பணம் கொடுத்தவருக்கு வசப்படாமல் அதை நடத்தி முடிப்பது அரிது. பொதுவாழ்வில் ஈடுபட்டோருக்கு இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மாநாட்டுப் பந்தலுக்குக் கீற்றும் மூங்கிலும் கொடுத்துதவிய தனவந்தர், மறுநாள் மாநாட்டுத் தீர்மானத்திலும் தமக்கு இசைவான ஒரு வரி இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதை அவர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். இந்தச் சங்கடத்தோடு வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவருடைய சரித்திரத்தை இன்று எடுத்துக் கூற விரும்புகிறோம். அவர் அரசியல்வாதி அல்லர்; குழந்தைகளைச் சிரிக்க வைத்தவர். மிக்கி எலியைப் படைத்த வால்ட் டிஸ்னியே அவர்.

டிஸ்னியின் சித்திரப் படங்களைப் பற்றி உலகம் வேண்டிய மட்டும் பேசியிருக்கிறது. அவர் கலிபோர்னியாவில் அமைத்த டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்காவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, கொடுத்தவர்கள் அதற்குப் பிரதியாக எதைப் பெற்றார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அங்கே அநேக காட்சிசாலைகளின் வாயிலில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர் துலங்கும். கம்பெனி வருஷந்தோறும் ஒரு தொகை கொடுக்கும். காட்சி அதன் பெயரால் நடக்கும். நம் ஊர்த் திருவிழாவில் ஒவ்வொரு நாள் மண்டகப்படிக்கும் ஓர் உபயதாரர் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கோயில் உபயதாரர் தம் பெயர் பத்திரிகையில் அச்சாகிவிட்டால் திருப்தியடைவார்; ஸ்தல புராணத்தைத் திருத்தும்படி கேட்கமாட்டார். கம்பெனி உபயதாரருக்கோ புராணத்திலும் பங்கு வேண்டும். இதுதான் டிஸ்னியின் வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

தச்சரின் மகன்

1901-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி சிக்காகோ நகரில் டிஸ்னி பிறந்தார். அவருடைய தகப்பனார் எலியாஸ், தச்சு வேலை, விவசாயம், பத்திரிகை விநியோகம் என்று பல தொழில்களில் இறங்கி, ஒன்றிலும் நிலைபெறாதவர். 1893-ல் சிக்காகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியின் கட்டடங்களில் அவர் கூலித் தச்சராக உழைத்தார். அப்பொருட்காட்சியை ஒட்டிக் கூடிய சர்வமத மகாசபையில்தான் சுவாமி விவேகானந்தர் பேசினார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். எலியாஸ் முதலாளிகளிடம் நம்பிக்கை இல்லாதவர். யூஜின் டெப்ஸ் என்ற சோஷலிஸ்ட் தலைவரை ஆதரித்தவர். இத்தகைய தகப்பனுக்குப் பிறந்த மகன், அமெரிக்காவின் மிகப் பெரிய முதலாளிகளைத் தன் வாயிலில் வரிசையாக நிறுத்தப் போகிறான் என்று அன்று யார் எண்ணியிருக்கக் கூடும்?

1906-ல் குடும்பம் மிஸ்ஸௌரி மாகாணத்திலுள்ள மார்ஸ்லின் என்ற சிற்றூருக்குக் குடியேறியது. அங்கே கழிந்த சில வருஷங்களே டிஸ்னியின் பால்யத்தில் இன்பமானவை. பின்னாளில் டிஸ்னிலாந்தின் நுழைவாயிலை அடுத்து அவர் அமைத்த கடைவீதி அவ்வூரின் நினைவிலிருந்து எழுந்தது. 1911-ல் கான்ஸாஸ் ஸிடி நகரத்துக்குச் சென்ற பின் கஷ்டம் தொடங்கிற்று. தகப்பனார் பத்திரிகை விநியோக உரிமையை விலைக்கு வாங்கினார். ஒன்பது வயதுச் சிறுவன் விடியுமுன் எழுந்து, பனியில் நடந்து, வீடு வீடாகப் பத்திரிகை போட்டான். கூலி கிடையாது. தன் உழைப்பின் பயன் பிறர் கணக்கில் சேருவது எப்படி இருக்கும் என்பதை அவன் அந்த வயதிலேயே கற்றுக்கொண்டான்.

முதல் மகாயுத்தம் முடிந்த தருணத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டியோட்டியாகப் பிரான்ஸுக்குச் சென்று திரும்பிய டிஸ்னி, கான்ஸாஸ் ஸிடியில் ஒரு சித்திரப் படக் கம்பெனி தொடங்கினார். 1923-ல் அது திவாலாயிற்று. அதே வருஷம் ஹாலிவுட்டுக்குச் சென்று, தமையனார் ராயுடன் கூடி மீண்டும் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். தம்பிக்குக் கற்பனை, தமையனுக்குக் கணக்கு என்ற வேலைப் பிரிவினை அன்று ஏற்பட்டது. மரணம் வரையில் அது நீடித்தது.

பறிபோன முயல்

1927-ல் டிஸ்னி ஆஸ்வால்ட் என்ற முயலைச் சிருஷ்டித்தார். யூனிவர்ஸல் கம்பெனிக்காக, சார்லஸ் மின்ட்ஸ் என்ற விநியோகஸ்தர் மூலம் அப்படங்கள் வெளிவந்தன. ஜனங்களிடையே நல்ல பெயரும் பெற்றன. 1928-ன் ஆரம்பத்தில், படத்துக்குச் சற்று அதிகப் பணம் கேட்கும் பொருட்டு டிஸ்னி நியூயார்க் சென்றார். அங்கே அவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. அதிகம் கொடுப்பதற்குப் பதில் குறைத்தே கொடுக்க முடியும் என்றார் மின்ட்ஸ். டிஸ்னியிடம் வேலை செய்த சித்திரக்காரர்களில் பெரும்பாலோரை அவர் ஏற்கனவே தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். முயலோ சட்டப்படி டிஸ்னியுடையதே அல்ல. யூனிவர்ஸல் கம்பெனியின் உடைமை. படைத்தவருக்குப் படைப்பின் மீது எவ்வித பாத்தியதையும் இல்லை.

இந்த அடியில் பிறந்ததே மிக்கி எலி. 1928-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி பேசும் படமாக வெளிவந்த மிக்கி, சில மாதங்களில் அமெரிக்கா முழுவதையும் வென்றது. இம்முறை உரிமை டிஸ்னியிடமே இருந்தது. 1933-ல் இங்கர்ஸால் கம்பெனி மிக்கியின் உருவம் பொறித்த கைக்கடிகாரங்களை விற்றது; டிஸ்னிக்கு அதில் பங்கு வந்தது. பெயரை வாடகைக்கு விடலாம், ஆனால் விற்கக் கூடாது என்பது அவருடைய வியாபார வேதமாயிற்று. இழந்த ஆஸ்வால்ட், 2006-ல், டிஸ்னி மறைந்து 40 வருஷம் கழித்தே அவர் கம்பெனிக்குத் திரும்பி வந்தது.

1937 டிசம்பரில் வெளிவந்த ஸ்நோ ஒயிட் படம் அவரைப் புகழின் சிகரத்துக்கு ஏற்றியது. ஆயினும் புகழோடு ஒரு களங்கமும் சேர்ந்தது. 1941-ல் அவருடைய ஸ்டூடியோச் சித்திரக்காரர்கள், சங்க உரிமையும் நியாயமான சம்பளமும் கோரி வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை அவர் தமக்கிழைத்த துரோகமாகக் கருதினார். தொழிலாளரின் குறையைப் பார்க்க மறுத்தார். 1947-ல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் கமிட்டி முன் சென்று, அவ்வேலைநிறுத்தத்துக்குக் கம்யூனிஸ்டுகளே காரணமென்று சாட்சியமும் கூறினார். தமக்கு மின்ட்ஸ் செய்ததை மறவாத மனிதர், தம்மிடம் உழைத்தவர்களும் தம் படைப்பில் ஒரு பாத்தியதை கோரக்கூடும் என்பதை உணரவில்லை. இக்குறை பின்னால் பெரிய அளவில் மீண்டும் தலைகாட்டப் போவதைக் காண்போம்.

ஆரஞ்சுத் தோட்டத்தில் ஒரு கனவு

தம் பெண்களைப் பொழுதுபோக்கு ராட்டினங்களுக்கு அழைத்துச் சென்ற ஞாயிற்றுக்கிழமைகளில், பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து களிக்கத்தக்க சுத்தமான இடம் ஒன்றும் இல்லையே என்ற எண்ணம் டிஸ்னிக்கு உதித்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகனிலுள்ள டிவோலி பூங்காவைக் கண்டபின் அது உறுதிப்பட்டது. ஆனால் கம்பெனிப் பங்குதாரர்களுக்கும் பாங்கிக்காரர்களுக்கும் அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. டிஸ்னி தம் ஆயுள் இன்ஷூரன்ஸின் பேரில் கடன் வாங்கி, 1952-ல் தனிப்பட்ட முறையில் ஒரு சிறு ஸ்தாபனம் அமைத்து, திட்ட வேலையைத் தொடங்கினார். ஆனஹைம் என்ற ஊரில் ஆரஞ்சு மரங்கள் நிறைந்த 160 ஏக்கர் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அப்போது டெலிவிஷன் புதிது. மற்ற ஸினிமா முதலாளிகள் அதை விரோதியாகப் பார்த்தார்கள். டிஸ்னி அதைப் பணப் பெட்டியாகப் பார்த்தார். 1953-ல் ராய் ஒரு சித்திரப் படத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு நியூயார்க் சென்றார். இரண்டு பெரிய டெலிவிஷன் ஸ்தாபனங்கள் மறுத்துவிட்டன. மூன்றாவதும் மிகச் சிறியதுமான ஏ.பி.ஸி. ஒப்புக்கொண்டது. 5 லட்சம் டாலர் மூலதனம், 45 லட்சம் டாலர் வரையில் கடனுக்கு ஜாமீன். இதற்குப் பிரதியாகப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பாத்தியதை, டிஸ்னியின் வாராந்தரத் தொடர் நிகழ்ச்சி. 1954 அக்டோபரில் தொடங்கிய அந்நிகழ்ச்சிக்கு இட்ட பெயரும் டிஸ்னிலாந்து என்பதே. எழுப்பப்படாத பூங்காவுக்கு வாரந்தோறும் ஒரு மணி நேர விளம்பரம்; அதற்குப் பணம் கொடுத்தவர் விளம்பரம் செய்பவர் அல்லர், வெளியிடுபவர்! இத்தகைய சாமர்த்தியத்தை வியாபார உலகம் அதற்கு முன் கண்டதில்லை. 1960-ல் டிஸ்னி 75 லட்சம் டாலர் கொடுத்து அப்பங்கை மீட்டுக்கொண்டார். முயல் கற்பித்த பாடம் மறக்கவில்லை. 1996-ல் அந்த டெலிவிஷன் ஸ்தாபனமே டிஸ்னி கம்பெனியின் உடைமையாயிற்று என்பது தனிக் கதை.

உபயதாரர்களின் ஊர்வலம்

பூங்காவுக்கு ஆன செலவு சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். ஏ.பி.ஸி.யின் பணம் மட்டும் இதற்குப் போதவில்லை. ஆகவே பெரிய கம்பெனிகளிடம் டிஸ்னியின் ஆட்கள் சென்றார்கள். கடைக்கு இடம் குத்தகை, காட்சிக்குப் பெயர் குத்தகை என்று இருவகை ஏற்பாடு. ஸான்டா பே ரயில்வேக் கம்பெனியின் பெயர் பூங்காவைச் சுற்றியோடும் ரயிலுக்குச் சூட்டப்பட்டது. பாங்க் ஆப் அமெரிக்கா கடைவீதியில் நிஜமான கிளை ஒன்றைத் திறந்தது. கோடக் கம்பெனி காமிராக் கடை வைத்தது. அப்ஜான் என்ற மருந்துக் கம்பெனி பழைய காலத்து மருந்துக்கடை ஒன்றை அமைத்தது. கோக்க கோலா ஒரு மூலையிலும் பெப்ஸி கோலா மற்றொரு மூலையிலும் பானம் விற்றன.

1955-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. கோடிக்கணக்கானோர் டெலிவிஷனில் அதைக் கண்டார்கள். நேரில் வந்தவர்களுக்குக் கிடைத்த அநுபவம் வேறு. கள்ள டிக்கெட்டுகள் புழங்கியதால் எதிர்பார்த்ததற்கு மேல் கூட்டம் திரண்டது. கடும் வெயிலில் புதிய தார் இளகிப் பெண்களின் பாதரக்ஷைகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் முடிவுபெறவில்லை. இங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. தண்ணீர் இல்லாமற் போனது, உபயதாரரின் பானங்கள் விற்பனையாகும் பொருட்டுச் செய்த சூழ்ச்சி என்று பலர் குறை கூறினார்கள். உண்மை அதுவன்று, கழிப்பறையா, குடிநீரா என்று இரண்டில் ஒன்றையே குறித்த நாளுக்குள் முடிக்க இயன்றது, டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் குளிர்பானக் கம்பெனியின் பெயர் சுவரில் இருக்கும்போது ஜனங்கள் உண்மையை எப்படி நம்புவார்கள்? உபயப் பணம் வாங்குபவர் முதலில் இழப்பது தம் நல்லெண்ணத்தைப் பற்றிய பொதுஜன நம்பிக்கையைத்தான். எனினும் ஏழு வாரங்களில் 10 லட்சம் பேர் வந்து, கனவு பலித்தது என்பதைக் காட்டினார்கள்.

நாளைய உலகம் யாருடையது?

பூங்காவின் மற்றப் பகுதிகளில் உபயதாரர் வாயிலோடு நின்றார். கோட்டையும் காடும் பழைய கதைகளும் டிஸ்னியின் சொந்தச் சரக்கு. நாளைய உலகம் என்று அவர் பெயரிட்ட பகுதியில் நிலைமை வேறாக இருந்தது. 1986-ம் வருஷம் உலகம் எப்படி இருக்கும் என்று காட்டுவது அப்பகுதியின் நோக்கம். ஆனால் அதை நிரப்பப் பணமும் இல்லை, காலமும் இல்லை. வெற்றிடங்களைக் கம்பெனிகள் நிரப்பின. மான்ஸான்டோ என்ற ரசாயனக் கம்பெனி ரசாயன மண்டபம் வைத்தது. கைஸர் கம்பெனி அலுமினிய மண்டபம் வைத்தது. அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனி பார்வையாளரைச் சுற்றி நாற்புறமும் ஓடும் ஸினிமாவைக் காட்டியது. டி.டபிள்யூ.ஏ. விமானக் கம்பெனி சந்திர யாத்திரைக்கு அழைத்தது. ரிச்பீல்ட் எண்ணெய்க் கம்பெனியின் உபயத்தில் சிறுவர்கள் மோட்டார் ஓட்டினார்கள். 1956-ல் கிரேன் என்ற குழாய்க் கம்பெனி வருங்காலக் குளியலறையையே காட்சியாக வைத்தது! மனித ஜாதியின் எதிர்காலம் என்பது அந்தந்தக் கம்பெனியின் விலைப் பட்டியலாகச் சுருங்கிற்று.

இவற்றுள் மிகப் பிரபலமானது, 1957-ல் மான்ஸான்டோ கட்டிய வருங்கால வீடு. சுவரும் கூரையும் தரையும் பிளாஸ்டிக். நான்கு புறமும் நான்கு இறக்கைகள் போல் அறைகள். இலட்சோப லட்சம் ஜனங்கள் அதற்குள் நடந்து சென்றார்கள். 1967-ல் அதை இடிக்க முற்பட்டபோது, ஒரே நாளில் முடியும் என்று எண்ணிய வேலை இரண்டு வாரம் இழுத்தது. இரும்புக் குண்டு சுவரில் மோதித் திரும்பி வந்ததாம். பிளாஸ்டிக் அழியாது என்பதை அக்காட்சி பெருமையாகச் சொல்லிற்று. அழியாத அப்பொருள் பின்னால் கடலையும் மண்ணையும் என்ன செய்யும் என்பதை எந்த உபயதாரர் சொல்லுவார்? அந்த வருஷங்களிலேயே அக்கம்பெனி பி.ஸி.பி. என்னும் விஷ ரசாயனங்களைச் செய்து விற்றது. அவற்றின் உற்பத்தியை 1979-ல் அமெரிக்க அரசாங்கம் தடுத்தது. வியட்நாம் காடுகளின் மேல் தெளித்த விஷத்தைத் தயாரித்தவர்களுள்ளும் அக்கம்பெனி ஒன்று. ரசாயன மண்டபத்தில் இவற்றுக்கு இடமில்லை.

1961 நவம்பரில் அமெரிக்கா சென்ற பண்டித நேரு டிஸ்னிலாந்தையும் பார்வையிட்டார். டிஸ்னியே அவரை வரவேற்றார். அணைகளும் உருக்காலைகளும் எழுந்துகொண்டிருந்த ஒரு புதிய தேசத்தின் தலைவர், தனியார் பணத்தில் எழுந்த ஒரு நாளைய உலகத்துக்குள் நடந்து சென்றார். இரண்டு தேசங்களிலும் எதிர்காலம் என்ற சொல் ஒன்றே; அதற்குச் செலவு செய்பவர் வெவ்வேறு.

நியூயார்க் பொருட்காட்சி

உபயப் பணத்தை ஆள்வதில் டிஸ்னியின் திறமை உச்ச நிலையை அடைந்தது 1964, 1965 வருஷங்களில் நடந்த நியூயார்க் உலகப் பொருட்காட்சியில்தான். பெரிய கம்பெனிகள் அங்கே மண்டபம் அமைக்கக் கோடிக்கணக்கில் செலவிடப் போகின்றன என்பதை அவர் முன்னரே உணர்ந்தார். அவர்களுடைய செலவில் தம் நிபுணர்கள் புதிய யந்திரங்களைச் செய்து பழகட்டும். பொருட்காட்சி முடிந்ததும் அவை ஆனஹைமுக்கு வந்து சேரட்டும் என்பது அவர் திட்டம். அந்தச் சமயம் அவருடைய தொழிற்சாலை பேசி அசையும் யந்திரப் பொம்மைகளைச் செய்யத் தொடங்கியிருந்தது. அந்த ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் தேவை.

நான்கு காட்சிகள் ஏற்பட்டன. போர்டு கம்பெனிக்காக, ஜனங்கள் அக்கம்பெனியின் மோட்டார்களிலேயே அமர்ந்து ஆதிகால ராக்ஷஸ மிருகங்களின் நடுவே செல்லும் காட்சி. ஜனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காக, முன்னேற்றச் சக்கரம் என்ற சுழலும் நாடகசாலை. இல்லினாய் ராஜ்யத்துக்காக, எழுந்து நின்று பிரசங்கம் செய்யும் ஆப்ரஹாம் லிங்கனின் உருவம். பெப்ஸி கோலா கம்பெனியின் உபயத்தில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்காக, உலகத்துக் குழந்தைகள் யாவரும் ஒரே பாட்டைப் பாடும் படகுச் சவாரி. இந்தக் கடைசிக் காட்சி ஒரு வருஷத்துக்கும் குறைந்த அவகாசத்தில் செய்து முடிக்கப்பட்டது.

இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்ப்போருக்கு உபயத்தின் நன்மையும் தீமையும் ஒருங்கே விளங்கும். குழந்தைகளின் படகுச் சவாரியில் பானத்தின் பெயர் வாயிலோடு நின்றுவிட்டது. உள்ளே ஒரு வார்த்தை கூட விளம்பரம் இல்லை. இன்றுவரை அது உலகெங்கும் விரும்பிப் பார்க்கப்படுகிறது. லிங்கனின் உருவத்துக்குப் பணம் கொடுத்தது ஒரு ராஜ்ய சர்க்கார். அதற்கு விற்க வேண்டிய பண்டம் எதுவும் இல்லை. முன்னேற்றச் சக்கரத்திலோ உபயதாரரின் பண்டமே கதாநாயகன். ஒரு குடும்பம் 1890-களிலிருந்து படிப்படியாக மின்சாரச் சாமான்களைப் பெற்று இன்பமடைவதே கதை. சாமர்த்தியமான காட்சிதான், மின்சாரம் குடும்பப் பெண்ணின் கஷ்டத்தைக் குறைத்ததும் மெய்தான். ஆனால் அதே கம்பெனி, பிற கம்பெனிகளுடன் ரகசியமாகக் கூடி மின்சார யந்திரங்களுக்கு விலை நிர்ணயித்த குற்றத்துக்காக 1961-ல் பிலடெல்பியா நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டது. அதன் பெரிய உத்தியோகஸ்தர் சிலர் சிறைவாசமும் அநுபவித்தனர். மூன்றே வருஷங்களில் சுழலும் நாடகசாலை அந்த நினைவைச் சிரிப்பால் மூடிவிட்டது. கம்பெனி எதை வாங்க வந்ததோ அதைப் பெற்றுக்கொண்டது.

டிஸ்னியும் தாம் விரும்பியதைப் பெற்றார். பொருட்காட்சி முடிந்தபின் குழந்தைகளின் படகுச் சவாரி 1966-ல் ஆனஹைமில் திறக்கப்பட்டது. இம்முறை உபயதாரர் பாங்க் ஆப் அமெரிக்கா. முன்னேற்றச் சக்கரம் 1967-ல் வந்து சேர்ந்தது. பிறர் செலவில் கற்ற வித்தையும் செய்த யந்திரங்களும் அவருடைய உடைமையாயின. அவருடைய தகப்பனார் ஒரு பொருட்காட்சியில் நாட்கூலிக்கு ஆணி அடித்தார். மகன் ஒரு பொருட்காட்சியிலிருந்து நாடகசாலையையே பெயர்த்துக் கொண்டுவந்தார்.

வாக்குரிமை இல்லாத நகரம்

1965-ம் வருஷம் நவம்பரில் டிஸ்னி பிளாரிடாவில் தம் கடைசித் திட்டத்தை அறிவித்தார். பினாமிக் கம்பெனிகளின் பெயரில் ரகசியமாக வாங்கிய 27,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அவர் வசம் இருந்தது. அங்கே பூங்காவை விடப் பெரிய ஒன்றை அவர் உத்தேசித்தார். 20,000 பேர் வாழும் ஒரு மாதிரி நகரம்; கூரையிட்ட நடுப்பட்டணம்; மோட்டார்களுக்குத் தரைக்கடியில் பாதை; அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் புதிய சாதனங்களை எந்நாளும் சோதித்துக் காட்டும் இடம். அதற்கு எப்காட் என்று பெயர். இனி உபயதாரருக்கு வேண்டியது ஒரு மண்டபம் அன்று, ஒரு நகரம்.

அந்நகரத்தில் எவருக்கும் நிலம் சொந்தமாக இராது. யாவரும் வாடகைக்குக் குடியிருப்பார்கள். நிலம் இல்லாததால் நிர்வாகத்தில் வாக்கும் இராது. வேலையில் உள்ளவர்களுக்கே இடம். இது ஏதோ மறைவில் தீட்டிய சதி அன்று. டிஸ்னி பகிரங்கமாக விவரித்த திட்டமே. சோதனைக்குத் தடை ஏற்படக்கூடாது என்பது அவர் கூறிய காரணம். காரணம் நல்லெண்ணத்தில் பிறந்ததாகவே இருக்கலாம். ஆனால் நல்லெண்ணம் கொண்ட எஜமானர்களை நமது தேசம் இரண்டு நூற்றாண்டு பார்த்திருக்கிறது.

தம் சொந்த முயலின் மேல் தமக்குப் பாத்தியதை இல்லை என்று அறிந்த நாளில் நெஞ்சு வெந்தவர் டிஸ்னி. அன்று முதல் தம் சுதந்திரத்தை அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. டெலிவிஷன் முதலாளியிடமிருந்து பங்கை மீட்டார். மோட்டார் முதலாளியின் பணத்தில் தம் யந்திரங்களைச் செய்தார். அத்தகையவர், தாம் கட்டும் நகரத்தின் பிரஜைகளுக்குத் தங்கள் வீட்டின் மேலும் வீதியின் மேலும் பாத்தியதை வேண்டும் என்பதை நினைக்கவில்லை. 1941-ல் சித்திரக்காரர் விஷயத்தில் கண்ட குறை இங்கே ஒரு நகரத்தின் அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. உபயதாரர்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொண்டார். தம்மிடமிருந்து ஜனங்களைக் காக்க வழி செய்யவில்லை.

அத்திட்டம் நிறைவேறும் வரை அவர் உயிரோடு இல்லை. நெடுங்காலம் சிகரெட் பிடித்து வந்த அவர், 1966-ம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 65. ஓய்வு பெறவிருந்த ராய், தம்பியின் கனவை ஏற்று நடத்தி, 1971 அக்டோபரில் பிளாரிடாப் பூங்காவைத் திறந்து, தம்பியின் முழுப் பெயரையே அதற்குச் சூட்டி, அதே வருஷம் டிசம்பரில் தாமும் மறைந்தார்.

அவருக்குப் பின்

1982-ல் எப்காட் திறக்கப்பட்டது. நகரமாக அல்ல, மற்றொரு பூங்காவாக. குடிகள் இல்லை, உபயதாரர்கள் மட்டும் வந்து சேர்ந்தார்கள். எரிசக்தி மண்டபம் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் உபயம். போக்குவரத்து மண்டபம் ஜனரல் மோட்டார்ஸின் உபயம். நில விளைவு மண்டபம் கிராப்ட் உணவுக் கம்பெனியின் உபயம். செய்தித் தொடர்பின் சரித்திரம் டெலிபோன் கம்பெனியின் உபயம். கரியமில வாயுவினால் பூமியின் உஷ்ணம் ஏறும் என்பதை எக்ஸானின் சொந்த விஞ்ஞானிகள் 1970-களின் கடைசி முதலே தங்கள் மேலதிகாரிகளுக்கு எழுதி வந்தார்கள் என்பது 2015-ல் பத்திரிகைகள் வாயிலாக வெளிப்பட்டது. அவர்கள் எழுதியது அலமாரியில் கிடந்தபோது, அக்கம்பெனியின் பெயர் தாங்கிய மண்டபத்தில் குழந்தைகள் எரிசக்தியின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டிஸ்னி இருந்தவரை உபயதாரர் போனால் வேறொருவர் வருவார், காட்சி நிலைக்கும். பின்னர் உபயதாரரின் ஆயுளே காட்சியின் ஆயுள் ஆயிற்று. ஜனரல் எலெக்ட்ரிக் 1993-ல் விலகியது. அது ஆதரித்த வருங்கால மண்டபம் 1999-ல் மூடப்பட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று 2001-ல் விலகியது. அதன் உபயமாயிருந்த உடல்நல மண்டபம் 2007-ல் அடைபட்டது. உடல்நலத்தைப் பற்றி ஜனங்கள் அறிய வேண்டியது அவ்வருஷத்தோடு தீர்ந்துவிட்டதா? இல்லை, கொடுத்தவரின் தேவை தீர்ந்துவிட்டது.

நிலத்தின் ஆட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1967-ல் பிளாரிடா சட்டசபை டிஸ்னி கம்பெனியின் நிலத்துக்குத் தனி நிர்வாக ஜில்லா ஒன்றை வகுத்துக் கொடுத்தது. ஏக்கருக்கு ஒரு வாக்கு. நிலமெல்லாம் பெரும்பாலும் ஒரே கம்பெனியின் கையில். 56 வருஷம் அது நீடித்தது. 2023-ல் ராஜ்ய கவர்னருக்கும் கம்பெனிக்கும் தகராறு முற்றி, அந்த நிர்வாக சபை கவர்னர் நியமிக்கும் சபையாக மாற்றப்பட்டது. எஜமானர் மாறினார், பிரஜை வரவில்லை.

டிஸ்னியின் சரித்திரத்திலிருந்து முதலாளிகளின் பணத்தைத் தொடவே கூடாது என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. அப்பணம் இல்லாவிடில், சாதாரணக் குடும்பம் ஒன்று 1955-ல் பெரியவருக்கு 1 டாலர் கொடுத்து உள்ளே நுழைய முடிந்த அந்தச் சுத்தமான பூங்கா எழுந்தே இராது. பெயரை வாயிலில் எழுதிக்கொள்ளட்டும்; அதில் குற்றமில்லை. ஆனால் உள்ளே சொல்லும் கதையைத் தீர்மானிக்கும் அதிகாரம், கதையை அறிந்தவர்களிடமும் அதைக் கேட்கப்போகும் ஜனங்களிடமும் இருக்க வேண்டும். விஞ்ஞானக் கண்காட்சியோ, குழந்தைகள் பூங்காவோ, பள்ளிக்கூட மண்டபமோ, எதுவாயினும் நமது நாட்டில் உபயம் ஏற்கும் ஸ்தாபனங்கள் மூன்று விஷயங்களைப் பகிரங்கமாக எழுதி வைக்கலாம்: எவ்வளவு வாங்கினோம், எதற்கு வாங்கினோம், கொடுத்தவர் எதில் தலையிட முடியாது. இம்மூன்றும் எழுதப்படாத இடத்தில், கொடுத்தவரின் மௌனமான உத்தரவுதான் சட்டமாகும்.

ஒரு முயலை இழந்த மனிதர், இனி எதையும் இழப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டு, உலகத்துக்கு அளவற்ற இன்பத்தை அளித்தார். அந்தச் சங்கற்பம் போற்றத்தக்கது. அதைத் தமக்காக மட்டும் செய்துகொண்டதே அவருடைய குறை. தேசத் தொண்டர்கள் அதை எல்லோருக்காகவும் செய்துகொள்வார்களாக.